முறைத் தண்ணீர்

மதகில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஆள் உட்காரத் தோதாக ஒரு சிமெண்டுக் கட்டை உண்டு. ஆடு மேய்க்கிறவர்கள் உட்காருவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்காரும். நாய்கூட ஏறிப் படுத்திருக்கும். அவர் மட்டும் அதற்கு ஒரு முழம் தள்ளி, ஷட்டர்ச் சக்கரத்தில் ஒரு கையை வைத்தபடி நிற்பார். வாட்ச்சை எல்லோரையும் போலக் கட்ட மாட்டார். முகப்பு உள்ளங்கைப் பக்கம் வரும்படி திருப்பிக் கட்டியிருப்பார். சேறு தெறித்தால் மணி மறைந்து போகுமாம். மணி பார்க்க வேண்டுமென்றால் யாரிடமோ கை நீட்டிக் கேட்பது போலக் கையை மலர்த்துவார்.

இப்போது மதகில் வேறு ஆள் நிற்கிறார். நிற்கிறார் என்று சொல்ல முடியாது, அவர் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

அணையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்கும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது, வயலுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைப்படி ஷட்டரைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்த ஆள். அறுப்புக்கு அறுப்பு நெல் அளந்து கொடுப்பார்கள். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கால் மணி நேரம் கூட விடுவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இவரிடம் டீயும் செல்லாது, உறவும் செல்லாது.

நான் வேலை பார்க்கிற திராட்சைத் தோட்டத்துக்கு அடுத்த வயல் அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன். ஒரு நாள் காலையில் நான் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் வரப்பில் நின்று பேசியது எனக்குக் கேட்டது.

"மாப்ள, பத்தே பத்து நிமிசம் விடுய்யா. கடைசி வயலு இன்னும் நனையல."

"முறை முடிஞ்சு போச்சு மச்சான்."

"என் தங்கச்சியக் கட்டுனவன்தானே நீ?"

"தங்கச்சியத்தான் கட்டுனேன். மடையவா கட்டுனேன்?"

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு வாரம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது, மச்சானுக்குரிய நேரம் தொடங்குவதற்கு முன்னாலேயே இவர் ஷட்டர்ப் பக்கம் போய்க் கையை மலர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் கூட்டாதவர் ஒரு நிமிடம் குறைக்கவும் இல்லை. அதனால் அவரைத் திட்டுகிறவர்களும் அவரை மாற்றச் சொல்லவில்லை.

நான் முப்பது வருடம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் குமுளி மலை ஏறி இறங்கியவள். முழங்கால் வீங்கிப் போன பிறகு இந்தத் திராட்சைத் தோட்டத்தில் சேர்ந்தேன். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை. ஆண்களோடு நின்று பேசுவதற்கு எனக்கு வராது. பெண்களோடும் அவ்வளவாக வராது. அவரோடு இரண்டு வருடம் தினமும் பேசியிருக்கிறேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பேசியது பூராவும் அவர்தான்.

ஒரு விடியற்காலையில் தோட்டத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்று, "பெரியாத்தா, பெரியாத்தா" என்று கூப்பிட்டார். பக்கத்தில் அவருடைய மகள் ரம்யா. பதின்மூன்று வயது. காலில் புது ஷூ. அவர் கையில் ஒரு பழைய மஞ்சள் சேலையைக் கிழித்த துணிகள், கட்டாகச் சுருட்டியிருந்தன.

"நம்ம புள்ளைக்கு நல்ல மூச்சு இருக்குன்னு ஸ்கூல்ல டிரில் மாஸ்டர் சொல்லிட்டாரு பெரியாத்தா. மூவாயிரம் மீட்டர் ஓட்டம். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடுத்துட்டாகன்னா படிப்பு, சாப்பாடு எல்லாம் அவுகளே பாத்துக்கிருவாக. அப்புறம் போலீஸ் வேலை, ரயில்வே வேலை, எதாச்சும் ஒன்னு. நான் மதகை விட்டு வர முடியாது. இவ அங்கன இருந்து இங்கன வரைக்கும் ஓடி வந்தாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க இங்கனதானே இருக்கீக. ஒவ்வொரு தடவை வரயிலயும் இந்தத் துணியில ஒன்னைக் கையில கட்டி விட்டீகன்னாப் போதும்."

மதகிலிருந்து எங்கள் மோட்டார் ரூம் வரை வாய்க்கால் கரையில் ஒரு கிலோமீட்டர் இருக்கும். வந்து போனால் ஒரு நடை. துணி இல்லாமல் திரும்பினால் அது நடையில் சேராது. முறைத் தண்ணீருக்கு அவர் அப்படித்தான் செய்வார். எந்த வயலுக்குத் தண்ணீர் ஓடுகிறதோ அந்த வாய்மடையில் துணி சுற்றிய ஒரு கம்பை ஊன்றி வைப்பார். நேரம் முடிந்ததும் பிடுங்கி அடுத்த வாய்மடையில் ஊன்றுவார். கம்பு நிற்காத வயலில் தண்ணீர் நின்றால் அது திருட்டுத் தண்ணீர். மகளுக்கும் அதே ஏற்பாடுதான்.

சரி என்றுகூட நான் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். துணிக்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, நான் நிரப்பி வைத்திருந்த இரண்டு திராட்சைப் பெட்டிகளைத் தூக்கி மேடையில் வைத்தார். நான் கேட்கவில்லை. என் முழங்காலை எப்போது கவனித்தார் என்று தெரியாது. அன்றிலிருந்து தினமும் துணிக்கட்டு கொடுக்க வரும்போதெல்லாம் இருக்கிற பெட்டிகளை ஏற்றி வைத்துவிட்டுத்தான் போவார்.

முதலில் மூன்று நடை. பிறகு ஐந்து. இரண்டாம் வருடம் ஏழு. மழை பெய்தாலும் ஏழு, மாரியம்மன் திருவிழா அன்றும் ஏழு. ரம்யா கட்டிக்கொண்டு போகிற துணிகளை அவர் அவிழ்த்து ஷட்டர்க் கம்பியில் வரிசையாக முடிந்து வைப்பார். வாய்க்கால் கரையில் போகிறவர்கள் கோயில் மரத்தில் முடிந்த நேர்த்திக்கடன் துணி என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளையை அவர் அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அவளுடைய ஷூவைச் சாயங்காலத்தில் அவரே கழுவுவார். உள்ளே பேப்பரைத் திணித்து மதகுச் சுவரில் கவிழ்த்து வைப்பார். பாதத்துக்குத் தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்து விடுவார். அப்போதும் உட்கார மாட்டார், ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றித்தான். "தண்ணி எங்கயாச்சும் உக்காந்து நீ பாத்திருக்கியா ஆத்தா?" என்று சிரித்துக்கொண்டே அவளைக் கேட்பார். அவளும் சிரிப்பாள். முதல் வருடத்தில் சிரித்தாள்.

அவள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் எஸ்டேட் ஜீப்புகள் ரோட்டில் போகும். அவளுடைய அம்மா அதில் ஒரு ஜீப்பில் போவாள். எட்டுப் பேர் உட்கார வேண்டியதில் பதினெட்டுப் பேர். ஒரு நாள் வேலிக்குப் பக்கத்தில் நின்று ஜீப்புகளை எண்ணிக்கொண்டிருந்தவர், "நீங்க எத்தன வருசம் ஏறுனீக பெரியாத்தா?" என்று கேட்டார்.

"முப்பது."

"கவுந்துச்சா?"

"ரெண்டு தடவை."

போகும்போது, "இவ ஏறக் கூடாது" என்றார்.

அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. இன்றைக்கும் அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளும் அதே ஜீப்பில் போனவள்தான்.

வயலைக் காயப்போடுவதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. நெல் நட்டு வேர் பிடித்த பிறகு வயலில் எந்நேரமும் தண்ணீர் நிறுத்த மாட்டார்கள். காயவிடுவார்கள். மண்ணில் முடி அளவு வெடிப்பு தெரிந்ததும் மறுபடி தண்ணீர் விடுவார்கள். அப்போதுதான் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். அந்த முடி வெடிப்பை மற்றவர்கள் குனிந்து பார்ப்பார்கள், இவர் கரையில் நின்றே சொல்லிவிடுவார். "இன்னைக்கு வேணாம், நாளைக்குக் காலையில விடலாம்" என்றால் அது தப்பாது.

அதையேதான் ரம்யாவுக்கும் செய்தார். ஏழு நடை முடிகிற வரை தண்ணீர் கிடையாது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும், அவள் அதன் கரையிலேயே உதடு வெளுத்து ஓடி வருவாள். மதியச் சோற்றில் பாதியைக் குறைத்தார். இரவு இரண்டு இட்லி. உடம்பு கனமில்லாமல் இருந்தால் கால் வேகமாகப் போகும் என்பது அவர் எண்ணம்.

"புள்ள மெலியுதே" என்று ஒரு தடவை நான் சொன்னேன். எனக்கு அதுவே பெரிய பேச்சு.

"காயப்போட்டாத்தான் பெரியாத்தா வேரு பிடிக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்க வைக்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

அவள் ஜில்லாப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். அவர் கோப்பையை என் கையில் கொடுத்து, "துணி கட்டுன கையி, நீங்கதான் மொதல்ல தொடணும்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "மொதல்ல வந்தவ உன்னைவிட எத்தன செகண்டு முந்துனா?" என்றார். "நாலு" என்றாள். அடுத்த நாள் எட்டு நடை.

ஒரு தடவை நான் முறை தவறினேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அன்றைக்கு வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. ஆறாவது நடைக்கு வந்தவள் துணிக்குக் கையை நீட்டாமல் மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாச்சி, ரெண்டாக் கட்டுங்க. ஒரே ஒரு நடை. அப்பாவுக்குத் தெரியாது."

நான் இரண்டு கட்டினேன். ஒரு நடைக்கு ஆகிற நேரம் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பன்னீர்த் திராட்சை ஒரு கொத்துக் கொடுத்தேன். தோலையும் விதையையும் சேர்த்து விழுங்கினாள். அப்புறம் எழுந்து ஓடினாள்.

சாயங்காலம் அவர் வந்தார். நான் பயந்து போய்த் துணிக்கட்டைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"பெரியாத்தா, புள்ள வாயி கறுத்திருந்துச்சு" என்றார். பன்னீர்த் திராட்சை தின்றால் உதடும் நாக்கும் கறுக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தத் தோட்டத்திலேயே இருக்கிற எனக்குத் தோன்றவில்லை.

குனிந்தவள் நிமிரவில்லை.

"நான் ஒன்னும் வைய வரல. விட்ட நடையை அவ ஓடி முடிச்சுட்டா. ஆனா நீங்க ஒரு நாளு பாவம் பாத்து ரெண்டு கட்டுனா, அவ ஒரு வருசம் ஜீப்பு ஏறுவா. உங்களுக்குத் தெரியாததா?"

இரண்டு கையையும் கூப்பினார். என் வயதில் பாதிகூட இல்லாதவர்கள் என்னை அதட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் எனக்குப் பழக்கம். அவர் கும்பிட்டதுதான் தாங்கவில்லை. இனிமேல் கட்ட மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். வாயால் சொல்லாவிட்டாலும் அது சத்தியம் மாதிரித்தான் எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு ரம்யா என்னிடம் கேட்கவில்லை. வருவாள், கையை நீட்டுவாள், கட்டுவேன், போவாள். ஒரு நாள் துணியை முடிந்துகொண்டிருக்கும்போது, "அம்மாச்சி, எனக்கு ஆறு மாசமாத் தலைக்கு ஊத்தல" என்றாள். மாதவிலக்கைத்தான் சொல்கிறாள். "நல்லதாப் போச்சு. ஓட்டத்துக்கு எடைஞ்சல் இல்ல."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"அவுக விடியக் கிளம்பிப் போறாக, பொழுது சாஞ்சு வாராக. வந்ததும் படுத்திருவாக. எப்பச் சொல்ல?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா தோட்டத்துக்குத் திராட்சை வாங்க வந்தாள். விரலெல்லாம் ஏலக்காய் கிள்ளிய கறை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பின்னாலேயே வந்துவிட்டார். ஆண்பிள்ளை நிற்கும்போது அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது? "புள்ளைக்கு ஒரு முட்டையாவது அவிச்சுக் குடு" என்று மட்டும் சொன்னேன்.

"அவுக ஒரு முறை வச்சுப் பாக்குறாக பெரியாத்தா. நான் நடுவுல பூந்தா அதுவும் கெட்டுரும்" என்றாள். திராட்சையை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகும் எத்தனையோ நாள் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

அந்த வருடம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஹாஸ்டல் தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள். ரம்யாவுக்குப் பதினைந்து வயது. ஐந்தாவது நடைக்கு வரும்போதே ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தாள். வந்து குனிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆத்தா?"

"பத்து நாளா இங்கன ஊசி குத்துற மாதிரி இருக்கு. இன்னைக்குத் தீயா எரியுது."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். எண்ணெ தேச்சு விட்டாக." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். "அம்மாச்சி, இன்னைக்கு மட்டும். நாலாக் கட்டிருங்க. எட்டுக்குக் கணக்கு சரியாயிரும்."

துணிக்கட்டு என் மடியில் இருந்தது. அவளுடைய உதட்டைப் பார்த்தேன். அவர் கும்பிட்டது ஞாபகம் வந்தது. ஜீப்புகள் அப்போதுதான் மேலே போய்க்கொண்டிருந்தன.

நான் ஒன்றுதான் கட்டினேன்.

"போயிட்டு வா ஆத்தா" என்றேன்.

அவள் முடிச்சைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். பாதித் தூரத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அங்கே விழுந்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஒரு துணி விழுந்து கிடக்கிற மாதிரித்தான் தெரிந்தது. இந்தப் பக்கமிருந்து நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்தப் பக்கமிருந்து அவர் ஓடி வந்துவிட்டார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருக்கு ஓடவே தெரியவில்லை. கையும் காலும் எங்கெங்கோ போனது.

அவளுடைய அம்மா மலை மேல் இருந்தாள். அதனால் தேனி ஆஸ்பத்திரிக்கு அவரும் நானும்தான் கூட்டிக்கொண்டு போனோம். ஆட்டோவில் அவள் தலை என் மடியிலும் கால் அவர் மடியிலும் இருந்தது. வீரபாண்டி தாண்டும்போது அவர் கையை மலர்த்தி மணி பார்த்தார். பார்த்துவிட்டு விரலை மூடிக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"இது இன்னைக்கு வந்தது இல்லீங்க. முடி அளவுக்கு ஒரு விரிசல் முன்னாடியே இருந்திருக்கு. அது மேலேயே ஓடி ஓடி இன்னைக்கு முறிஞ்சிருக்கு. எலும்புல சத்தே இல்ல. சாப்பாடு என்ன குடுக்குறீங்க?" கேட்டுக்கொண்டே எழுதினார். "மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

அவர் தரையைப் பார்த்தார். "அது... அவ அம்மாவுக்குத்தான் தெரியும்."

ரம்யா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"எட்டு மாசமா இல்ல" என்று நான் சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. முறை முடியாமலேயே ஒரு வயல் மடை உடைந்து கிடப்பதைக் கண்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

டாக்டர் என்னென்னவோ சொன்னார். பருவத்தில் பசியோடு இப்படி ஓடினால் உடம்பு மற்ற வேலையையெல்லாம் நிறுத்திவிடும் என்றார். ஒரு வருடத்துக்கு ஓட்டமே கூடாது என்றார். அவர் எதையும் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடி வெடிப்பு" என்றார். "முடி வெடிப்பு தெரிஞ்ச அன்னிக்கே தண்ணி விட்டிருக்கணும்."

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவர் மாறவில்லை. ஹாஸ்டல் தேர்வு நாள் வந்து போனது. அன்றைக்கு அவர் வழக்கம் போல ஷட்டரைத் திறந்தார், வழக்கம் போல அடைத்தார். மகளுக்கு விடிந்ததும் பால், எட்டு மணிக்கு இரண்டு முட்டை, பத்து மணிக்கு வாசலில் அரை மணி நேரம் வெயில், மதியம் நிறையச் சோறு, நாலு மணிக்குக் கேப்பைக் கூழ் என்று முறை வைத்தார். டாக்டர் சொன்னதுதான். ஆனால் ஒரு நிமிடம் முன்னே பின்னே போகாது. அவள் வயிறு நிறைந்துவிட்டது என்றாலும் முறை முடிய வேண்டும். "முறைன்னா முறைதான் ஆத்தா. இதையாச்சும் சரியாச் செய்வோம்" என்பாராம். அவளுடைய அம்மா ஒரு மாதம் ஜீப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்து பார்த்தாள். பிறகு போனாள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு, தினமும் கொஞ்ச தூரம் மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அடுத்த நாளே அவர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். கையில் அந்த மஞ்சள் துணிக்கட்டு. நைந்தது, காற்றில் போனது எல்லாம் போகப் பதினொன்றுதான் மிச்சம்.

"ஒரு நடைதான் பெரியாத்தா. ஓட்டம் இல்ல, நடைதான். வந்தாளான்னு தெரியணும்ல."

வாங்கிக்கொண்டேன். அவர் பெட்டிகளைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டுப் போனார்.

ரம்யா கம்பு ஊன்றி வருவாள். முன்பு ஐந்து நிமிடத்தில் வந்த தூரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். கையை நீட்டுவாள். கட்டுவேன். உட்காரச் சொன்னால், "அப்பா அங்கன நிப்பாக" என்று திரும்பிவிடுவாள். நான் அவளிடம் அந்த ஐந்தாவது நடையைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவள் இப்போது உத்தமபாளையத்தில் காலேஜ் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று அவளுடைய மாமா போன மாதம் சொன்னார். அவள் குடும்பமே மயிலாடும்பாறைப் பக்கம் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் ஓடுவதே இல்லையாம். கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாளாம். அடுத்த பஸ் வருகிற வரை நிற்பாளாம்.

அவர்கள் போவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் அவள் வந்தாள். கையை நீட்டினாள். நான் ஒரு துணியைக் கட்டினேன். இன்னொன்றை எடுத்தேன். அதையும் கட்டினேன். எதற்கு என்று யோசித்துச் செய்யவில்லை. மடியில் இருந்ததை எல்லாம் எடுத்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகக் கட்டினேன்.

"அம்மாச்சி, பதினொன்னு" என்றாள்.

"இருக்கட்டும். உக்காரு."

கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். ஒரு கொத்துத் திராட்சை கொடுத்தேன். மெதுவாகத் தின்றாள். நான் பூச்சி விழுந்த பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அடுத்த வயலுக்கு முறை. மச்சானுடைய வயல். வாய்மடையில் கம்பு நின்றது, தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முறை ஓடும்போது அவர் மதகை விட்டு நகர மாட்டார். மகளைக் காணாமல் கரையோரமாக வந்துவிட்டார். வழக்கம் போல வேலிக்கு வெளியே நின்று கூப்பிடாமல் நேரே உள்ளே வந்தார்.

அவள் வாயைப் பார்த்தார். கறுத்திருந்தது. கையைப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது, எண்ணினார்.

"பதினொன்னா?"

"நான்தான் கட்டுனேன்" என்றேன்.

கையை மலர்த்தி மணி பார்த்தார். மச்சானுடைய முறை முடிகிற நேரம் என்று எனக்கே தெரிந்தது. ஷட்டருக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் மகளுக்கு முன்னால் வந்து ஒரு முழங்காலை ஊன்றினார். முதல் முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தார். கொடி கட்டிப் பழகிய கை என்னுடையது, முடிச்சு லேசில் விடாது. அவருடைய விரல்கள் சக்கரம் திருகித் தடித்துப் போனவை. நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்து இழுத்தார். ரம்யா கையைக் கொடுத்துவிட்டு வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாலாவது முடிச்சிலோ ஐந்தாவது முடிச்சிலோ ஊன்றியிருந்த முழங்கால் வலித்திருக்க வேண்டும். இன்னொரு காலையும் மடக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் அவசரப்படவில்லை. பக்கத்து வயலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் மச்சான் வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பெரியாத்தா, எங்க மாப்ளைக்கு வாட்ச்சு நின்னு போச்சா? கடைசி வயலு வரைக்கும் நெறஞ்சு வரப்பு ஒழுகுது."

"தெரியலய்யா" என்றேன்.

அடுத்த முறை வந்தபோது, கூடுதலாக ஓடிய அந்த நேரத்தை அவர் மச்சான் கணக்கில் கழிக்கவில்லை.